தேவாங்குக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் ராத்திரியில் வெளிச்சத்தை எப்படி மறைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். கடவூர் மலையடிவாரத்தில் வனத்துறை அனுமதியோடு நடக்கும் தேவாங்குக் கணக்கெடுப்புக்குக் கல்லூரி மாணவர்கள் ஏழெட்டுப் பேர் தன்னார்வலர்களாகப் போகிறார்கள். "வெளிச்சம் வெளியில் தெரியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டினால் போதுமா? ஃபோன், கேமரா, வண்டி இதையெல்லாம் என்ன செய்வது? ஊர்க்காரர்கள் கண்ணிலும் படாமல் நடக்க வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஊர்க்காரர்களிடமிருந்து வெளிச்சத்தை மறைக்கவே கூடாது. நம் பக்கத்துத் தோட்டங்களில் ராத்திரி ஆடு பிடிக்க வருகிறவன், போர் மோட்டார் ஒயரை அறுக்க வருகிறவன் இரண்டு பேருமே லைட்டை மறைத்துக்கொண்டுதான் வருவார்கள். இரண்டு பக்கமும் வேலி உள்ள ஒரு இட்டேரிப் பாதைக்குள் ஏழெட்டுப் பேர் சத்தமில்லாமல், சிவப்பு வெளிச்சத்தோடு நடப்பதை ஆட்டுப் பட்டியில் படுத்திருக்கிறவர் பார்த்தால் என்ன நினைப்பார்? அவர் கல்லை எடுத்தாலும் நாயை அவிழ்த்துவிட்டாலும் அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது. அதனால் பகலிலேயே அந்த ஊருக்குப் போங்கள். டீக்கடையில் சொல்லுங்கள், ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள், எந்த வேலி ஓரமாக எத்தனை மணிக்கு நடப்போம் என்பதைத் தோட்டக்காரரிடமே சொல்லிவிடுங்கள். அந்த ஊர் ஆள் ஒருவரும் வனக்காப்பாளரும் கூட வராமல் இறங்க வேண்டாம். தேவாங்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். அதைத் தேடி ராத்திரியில் லைட்டோடு அலைகிறவர்களைச் சந்தேகப்படுவது ஊருக்கும் வனத்துறைக்கும் கடமை.

இருட்டிலேயே நடந்து பழக வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தை மறைப்பது நின்று பார்க்கும்போதுதான். ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நடக்கும்போது காலடியில் வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு நம் சீமையில் தோட்டத்துக்குத் தோட்டம் கிடக்கிறது. நூறடி ஆழத்தில் பாறையை வெட்டி இறக்கிய கிணறுகள் அவை. விளிம்பில் கோரையும் புல்லும் மூடியிருந்தால் பகலிலேயே தெரியாது. அதைவிடப் பயங்கரம், காட்டுப்பன்றிக்காகச் சட்டத்தை மீறிச் சிலர் வேலியில் நேரடியாகக் கரண்ட் விடுவது. மனிதர்களும் யானைகளும் அதில் மாட்டிச் செத்த செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. மெல்லிய கட்டுக்கம்பி ஒன்று முழங்கால் உயரத்தில் போவது சிவப்பு வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. அப்புறம் சுருட்டை விரியன். செம்மண்ணில் சருகோடு சருகாகச் சுருண்டு கிடக்கும் அதைச் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் மண், சருகு, பாம்பு மூன்றும் ஒரே சாயலில் இருக்கும். நடக்கும்போது வெள்ளை வெளிச்சம், தரையைப் பார்த்து, உங்களுக்கு இரண்டு மூன்று அடி முன்னால் மட்டும். இதை வாதத்துக்கு இடமில்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது சிவப்புத் தாளுக்கு வருவோம். ஒட்டினால் மட்டும் போதாது. நிறத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், வெளிச்சம் எந்தப் பக்கம் கசிகிறது, எவ்வளவு கசிகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு முதல் வேலை கசிவை அடைப்பது, இரண்டாவது வேலை அளவைக் குறைப்பது. நிறத்தை மாற்றுவது அதற்கும் பின்னால்தான்.

ஒரு டார்ச்சை எரியவிட்டால் வெளியே தெரிவது மூன்று. பல்பே நேராகக் கண்ணில் படுவது, வெளிச்சம் விழுந்த இடம் பளிச்சென்று தெரிவது, நடுவில் இருக்கும் தூசியிலும் பனியிலும் வெளிச்சம் சிதறி ஒரு கம்பம் மாதிரி நிற்பது. முதலாவதுதான் ரொம்பத் தூரம் காட்டிக்கொடுக்கும். நிலவில்லாத, தெளிவான ராத்திரியில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு மெழுகுவர்த்திச் சுடர் சுமார் இரண்டரை கிலோமீட்டர் வரைக்கும் தெரியும் என்பது கணக்கு. முப்பது மைல் தெரியும் என்று சுற்றுகிற கதை தப்பு. ஆனால் டார்ச் என்பது மெழுகுவர்த்தி இல்லை. வெளிச்சம் முழுவதையும் ஒரே பக்கம் குவித்து அடிப்பதால், அந்தத் திசையில் அது ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகளுக்குச் சமம். அப்படியென்றால் நீங்கள் தலையைத் திருப்பும்போதெல்லாம் நெத்தி லைட்டு எதிர்க் கரடு வரைக்கும் செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறது. ஏழெட்டுத் தலை, ஏழெட்டு லைட்டு என்றால் யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நல்ல மருந்து பழைய சைக்கிள் டியூப். டார்ச்சின் முகத்துக்கு இறுக்கமாகப் பிடிக்கிற அளவில் நாலு விரல்கடை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். டார்ச் பெரியதென்றால் பைக் டியூப். டியூபுக்குள் வெள்ளையாகப் பவுடர் பூசியிருக்கும், அதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெள்ளையே வெளிச்சத்தைப் பக்கவாட்டில் எதிரடிக்கும். காய்ந்ததும் ஒரு விரல்கடை டார்ச்மேல் ஏறி, மூன்று விரல்கடை முன்னால் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டுங்கள். இனிமேல் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பல்பு தெரியாது, நேர் எதிரில் இருக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். நடப்பதற்கான டார்ச்சைக் கையில் இடுப்புக்குக் கீழே பிடித்து, மூக்கைத் தரைக்குக் காட்டிக்கொண்டு போனால் எதிரில் இருக்கிறவனுக்கும் பல்பு தெரியாது.

இரண்டாவது, அளவு. கடையில் லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) எண்ணிக்கையைப் பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். காலடியைப் பார்க்க ஐந்து பத்து லூமன் தாராளம். லைட்டில் அவ்வளவு குறைக்க வழியில்லை என்றால், கண்ணாடிமேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி நடுவில் சின்னத் துளை போடுங்கள். வெங்கச்சாங்கல் கொட்டிக்கிடக்கிற காடுகளில் இன்னும் குறைக்க வேண்டும், வெள்ளைக் கல் வெளிச்சத்தை அப்படியே மேலே திருப்பி உங்கள் முகத்தையே காட்டிக்கொடுக்கும்.

இப்போது நிறம். நம் கண்ணில் குச்சி செல்கள், கூம்பு செல்கள் என்று இரண்டு வகை உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள். இருட்டில் வேலை செய்வது குச்சி செல்கள். அவற்றில் இருக்கும் ரோடாப்சின் என்ற நிறமி வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும், மறுபடி ஊறி வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஃபோனை ஒரு தடவை பளிச்சென்று பார்த்தால் அந்த அரை மணி நேரம் வீண். குச்சி செல்களுக்கு அதிகம் உறைப்பது 500 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்து நீலப்பச்சை. சிவப்புக்குப் போகப் போக உறைப்பு சரிந்துகொண்டே வரும். 630 நானோமீட்டர் சாதாரணச் சிவப்பு எல்இடிக்கு உச்சத்தில் முந்நூறில் ஒரு பங்குதான். 660 நானோமீட்டர் அடர்சிவப்பு என்றால் மூவாயிரத்தில் ஒரு பங்கு. வெள்ளை எல்இடியோ உள்ளுக்குள் 450 நானோமீட்டர் நீலத்திலிருந்துதான் உண்டாகிறது, அந்த நீலம் குச்சி செல்களைப் பாதி உச்சத்துக்கு உறைக்க வைக்கும். சிவப்புக்கு மாறச் சொல்வதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. முந்நூறில் ஒரு பங்கு என்றாலும் அது பூஜ்ஜியம் இல்லை. கண் கூசுகிற அளவுக்குச் சிவப்பு அடித்தால் மங்கலான வெள்ளையைவிட அது மோசம். தேவாங்குக்குச் சிவப்பு தெரியவே தெரியாது என்று சொல்வதும் அப்படித்தான். அதன் கண்ணில் குச்சி செல்கள் மிகுதி, அதனால் சிவப்பு அதற்கு மங்கலாகப் படும். ஆனால் நீண்ட அலைநீளத்தை உணர்கிற கூம்பு செல்களும் அதற்கு இருக்கின்றன. பலமான சிவப்பை முகத்தில் அடித்தால் அதற்கும் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கண்ணாடித் தாளில் இன்னொரு ஏமாற்று உண்டு. கலர் பேப்பர் கடையில் வாங்குகிற தாள் ஒற்றை மடிப்பில் நீலத்தையும் பச்சையையும் கொஞ்சம் விட்டுவிடும். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதால் நாம் கவனிக்க மாட்டோம். சோதிக்க ஒரு பழைய சிடி போதும். இருட்டறையில் தாள் ஒட்டிய டார்ச்சைச் சிடியின் பளபளப்புப் பக்கத்தில் பட வைத்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சிவப்புப் பட்டை மட்டும் தெரிந்தால் சரி. ஓரத்தில் பச்சையோ நீலமோ தலைகாட்டினால் இன்னொரு மடிப்புப் போடுங்கள். பெரும்பாலும் மூன்று மடிப்பில் அடங்கிவிடும். வாட் கூடிய டார்ச்சில் தாள் சூட்டில் சுருங்கிவிடும், அதனால் ரொம்ப நேரம் எரிய விடாதீர்கள். முடிந்தால் சிவப்பு எல்இடியே தனியாக உள்ள நெத்தி லைட்டு வாங்குவது நல்லது. வாங்கும்போது பட்டனைப் பாருங்கள். விலை மலிந்தவற்றில் ஒரே பட்டன்தான், அமுக்க அமுக்க வெள்ளை, மங்கல், மின்னி மின்னி எரிவது என்று எல்லாவற்றையும் சுற்றி வந்தால்தான் அணையும். மரத்தில் தேவாங்கு உட்கார்ந்திருக்கும்போது அது மின்னினால் அன்றைய வேலை அவ்வளவுதான். சிவப்புக்குத் தனிப் பட்டன் இருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

இவ்வளவு மறைத்த பிறகு தேவாங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? அதன் கண்ணைக் கொண்டுதான். விழித்திரைக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சம் வந்த வழியிலேயே திரும்பும், அதனால் லைட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் உங்கள் கண் இருந்தால்தான் அந்தப் பளபளப்பு தெரியும். தேடுவதற்கு நெத்தி லைட்டு வசதி, இடுப்பில் பிடித்த டார்ச் உதவாது. மங்கலான வெளிச்சமே போதும் என்பதற்கும் காரணம் இதுதான், திரும்பி வருவது சிதறாமல் நேராக உங்களுக்கே வருகிறது. தேடும்போது வேலியையும் கிளையையும் மெதுவாகத் தடவிக்கொண்டே போங்கள், ஆகாயத்துக்கு அடிக்காதீர்கள்.

கிளுவை வேலியிலும் வெள்வேல், உசில் கிளையிலும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் இரண்டு புள்ளிகள் நெருக்கமாகத் தெரிந்து, மெதுவாக நகர்ந்து, அணைந்து, மறுபடி தெரிந்தால் நின்று பாருங்கள். அணைவது பெரும்பாலும் அது முகத்தைத் திருப்பியதால்தான், ஓடியதால் இல்லை. தரையில் மினுக்குகிற சின்னச் சின்னப் பச்சைப் புள்ளிகள் சிலந்திகள். வண்டித் தடத்தில் தனியாகக் கனல் மாதிரி தெரிவது பக்கி என்கிற ராத்திரிப் பறவை. பனை உச்சியில் பெரிய புள்ளிகள் என்றால் மரநாயாக இருக்கலாம். சிவப்பு வெளிச்சத்தில் இந்த நிற வித்தியாசம் எதுவும் தெரியாது, எல்லாம் சிவப்புதான். எனவே சிவப்பில் கண்டுபிடித்து, சந்தேகம் இருந்தால் மட்டும் குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், மங்கலான வெள்ளையை அதன் பக்கத்துக் கிளையில் படும்படி ஓரிரு விநாடி காட்டி உறுதி செய்துகொள்ளட்டும். முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் லைட்டைத் திருப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற கொடுமை. கால் கிலோ எடைகூடத் தேறுமா என்று இருக்கிற உயிர், பூச்சி பிடித்துத் தின்ன வந்த நேரத்தில், ஏழெட்டு லைட்டுக்கு நடுவில் கிளையைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். அது அமைதியாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். எண்ணிக்கையைக் குறித்தாயிற்றா, வெளிச்சத்தை எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

குறிப்பு எழுதும் தாளில் சிவப்புக் கோடோ சிவப்பு எழுத்தோ இருந்தால் சிவப்பு வெளிச்சத்தில் மறைந்துவிடும். படிவத்தைக் கருப்பில் அச்சடித்து பென்சிலால் எழுதுங்கள். லேமினேஷன் செய்த வரைபடம் வேண்டாம், அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

ஃபோன்தான் பெரிய திருடன். திரை உங்கள் முகத்துக்கு நேராக இருப்பதால், உங்கள் கண்ணையும் கெடுத்து முகத்தையும் விளக்காக்கிவிடும். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிட்டு கடைசி அளவுக்கு இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கும் கீழே மங்கலாக்கும் வசதி தனியாக உண்டு, ஐஃபோனில் நிற வடிகட்டியில் திரையை முழுச் சிவப்பாக்கலாம். கையில் எடுத்தாலே திரை எரிகிற வசதி, செய்தி வந்தால் எரிகிற வசதி இரண்டையும் நிறுத்துங்கள். கைக்கடிகாரத்திலும் அதே. இடம் பார்க்க வேண்டுமென்றால் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளே பாருங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. மூடிய கண்ணின் இருட்டுப் பார்வை அப்படியே மிஞ்சும். மெயின் ரோட்டோரம் லாரி வரும்போதும் இதையே செய்யலாம்.

பவர் பேங்க், சார்ஜ் ஆகும் லைட்டு, ரேடியோ, ஜிபிஎஸ் கருவி எல்லாவற்றிலும் நீலமாகவோ பச்சையாகவோ ஒரு கடுகளவு விளக்கு எரியும். அதன்மேல் டேப் ஒட்டுங்கள். கேமராவில் ஃபோகஸுக்கு உதவ முன்னால் எரிகிற விளக்கை மெனுவில் போய் நிறுத்துங்கள், எடுத்ததும் படம் திரையில் வருவதையும் நிறுத்துங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. தானியங்கிக் கேமரா வைப்பதாக இருந்தால், 850 நானோமீட்டர் அகச்சிவப்பு வகையில் லேசான சிவப்புக் கனல் தெரியும், 940 வகையில் தெரியாது. ஆனால் 940இல் வெளிச்சம் எட்டும் தூரம் குறைவு. கிளைக்குப் பக்கத்தில் வைக்க முடிந்தால் 940 எடுங்கள்.

காலணியிலும் பையிலும் ஒளியைத் திருப்புகிற பட்டை இருந்தால் அதையும் டேப்பால் மூடுங்கள், ஆனால் தார்ரோட்டில் நடக்கும் தூரம் வரைக்கும் அது திறந்திருக்கட்டும். வண்டியைத் தூரமாக நிறுத்துங்கள். உள்விளக்கு கதவைத் திறந்தால் எரியாதபடி மாற்றி வையுங்கள். ரிமோட்டில் பூட்டினால் நாலு இண்டிகேட்டரும் மின்னும், சாவியால் பூட்டுங்கள்.

கூட்டமாக நடக்கும்போது முதல் ஆளும் கடைசி ஆளும் மட்டும் நடை லைட்டை எரியவிட்டால் போதும். முன்னால் போகிறவர் ஊர் ஆளாக இருந்தால் கிணறும் கம்பியும் அவருக்குத் தெரியும். தேடுவது இரண்டு பேர், ஆளுக்கொரு பக்கம். மற்றவர்கள் லைட்டு கையில் இருக்கட்டும், அணைந்திருக்கட்டும். யாருக்காவது அடிபட்டாலோ பாம்பைப் பார்த்தாலோ இந்த விதி எல்லாம் ரத்து, எல்லா வெள்ளை லைட்டும் உடனே எரிய வேண்டும். இதை இறங்குவதற்கு முன்னால் எல்லோர் வாயாலும் ஒரு தடவை சொல்ல வையுங்கள்.

கடவூர்ப் பக்கம் இந்தக் கவனத்துக்குத் தகுந்த இடம். கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் 2022இல் அறிவிக்கப்பட்டது, தேவாங்குக்கென்றே இந்தியாவில் வந்த முதல் சரணாலயம். சுற்றிலும் மலை இருப்பதால் நகரத்து வெளிச்சம் நேராக உள்ளே விழுவதில்லை. திருப்பூர், கரூர் ஓரத்துக் கிராமங்களில் நின்றால் மேகத்தில் மில் லைட்டு பட்டு வானமே வெளுத்துக் கிடக்கும், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வேறு. அந்த இடங்களில் ஒரு டார்ச் கூடுதலாக எரிந்தால் பெரிதாகத் தெரியாது. கடவூர் வேலியோரத்தில் அது பளிச்சென்று தெரியும்.

போகிற நாளுக்கு முன்னால் ஒரு ராத்திரி யாராவது ஒருவர் தோட்டத்தில் ஒத்திகை பாருங்கள். பாதிப்பேர் நூறு மீட்டர் தள்ளிப் போய், அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொள்ளட்டும். மீதிப்பேர் லைட்டைப் போட்டு நடக்க வேண்டும், ஃபோன் பார்க்க வேண்டும், படிவம் எழுத வேண்டும், வண்டிக் கதவைத் திறந்து மூட வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் எது எது பட்டதோ அதை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். அப்புறம் இடம் மாறி அதையே ஒரு தடவை. அந்தப் பட்டியலில் வந்த ஒவ்வொன்றுக்கும் டேப்போ டியூபோ போட்டு முடித்த பிறகு பையைக் கட்டுங்கள்.